வாசகர் கேள்வி பதில்: ரயில் பாதைக்குப் பக்கத்தில் வாழ்கிற நமக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய ரயிலைப் பற்றியவை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கமிருந்து சில, களனிவெளிப் பாதையைத் தாண்டித் தாண்டி ஓட்டோ ஓட்டுகிற ஒருவருடையது, ராகமையிலிருந்து கோட்டைக்கு வேலைக்கு வருகிற ஒரு தங்கச்சியுடையது, தீபாவளிக்கு ஹட்டனுக்குப் போகிற ஒரு குடும்பத்துடையது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன். காத்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மரைன் டிரைவில் கடலைப் பார்த்தபடி இருக்கிற தொடர்மாடியில் குடியிருக்கிறோம். பிள்ளைகள் இரண்டு பேரும் பின்னேரங்களில் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போவார்கள். எந்த ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம். அப்படியிருந்தும் என் மாமியார் ஒவ்வொரு நாளும் பிள்ளைகளை விடமாட்டேன் என்று நிற்கிறார். இவ்வளவு பயம் தேவையா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: நான் உங்கள் மாமியார் பக்கம். ரயில் நேரம் பாடமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. நேர அட்டவணையில் இருப்பவை பயணிகள் ரயில்கள் மட்டும். அதில் இல்லாமல் தனி எஞ்சின் வரும், பாதை திருத்துகிற வண்டி வரும், பிந்திய ரயில் தன் நேரத்தை விட்டு வேறு நேரத்தில் வரும். 'இந்த நேரத்தில் ஒன்றும் வராது' என்று மனது முதலே முடிவெடுத்துவிட்டால் கண் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர் இரண்டு பக்கமும் பார்த்து, பயந்து, நின்று கடக்கிறார். பத்து வருடமாக அங்கேயே இருப்பவர் போனில் கதைத்துக்கொண்டே கடக்கிறார். பழக்கம்தான் நம்மை அசட்டையாக்குகிறது.

அடுத்தது சத்தம். ரயில் வந்தால் கேட்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்காது, பல நேரம். கொள்ளுப்பிட்டியிலிருந்து கல்கிசை வரை பாதை கடலோடு ஒட்டிப் போகிறது, ஒரு பக்கம் அலை, மறு பக்கம் மரைன் டிரைவ் வாகனங்கள், நடுவில் காற்று. போதாததற்கு நம்முடைய பவர் செட் ரயில்கள் பலவற்றில் எஞ்சின் ஒரு முனையில்தான் இருக்கிறது. அந்த முனை பின்னால் வரும்போது முன்னால் வருவது எஞ்சின் இல்லாத பெட்டி, உறுமல் இல்லாமலே கிட்ட வந்துவிடும். அப்புறம், பெரிய பொருள் ஒன்று நேராக நம்மை நோக்கி வரும்போது அதன் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது, உண்மையில் வருவதைவிட மெதுவாக வருவதாகவே தெரியும். பெரியவர்களுக்கே அப்படி, பிள்ளைகளுக்கு இன்னும் மோசம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரயில் மணிக்கு 60 கிலோமீற்றரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு செக்கனுக்குப் 16, 17 மீற்றர். இரண்டு தண்டவாளப் பாதைகளையும் ஓரங்களையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 10 மீற்றர் கடக்க, செருப்போடு கல்லில் நடக்கிற ஒரு பிள்ளைக்கு 10 செக்கன் ஆகலாம். அந்த நேரத்தில் ரயில் 160 மீற்றருக்கு மேல் வந்துவிடும். பிள்ளையைக் கண்டவுடன் சாரதி பிரேக் போட்டாலும் ரயில் நிற்க நூற்றுக்கணக்கான மீற்றர் வேண்டும், இரும்புக்கு மேல் இரும்பு உருளும்போது பிடிப்பு அவ்வளவுதான். விலக அதற்கு வழியும் இல்லை. சாரதியால் செய்யக்கூடியது ஹோன் அடிப்பதும் பிரேக் போடுவதும் மட்டும். மீதி எல்லாம் கடக்கிறவர் கையில்.

இனி உங்கள் இடத்துக்கே உரிய ஆபத்தைச் சொல்கிறேன், இதைப் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொன்னாலும் தகும். அங்கே இருப்பது இரட்டைப் பாதை. கோட்டைப் பக்கம் போகிற ரயில் கடந்து போனதும் காத்திருந்தவர்கள் உடனே இறங்கி நடப்பார்கள். அந்த ரயிலுக்குப் பின்னால் மறைந்து மற்றப் பாதையில் எதிர்ப்பக்கத்து ரயில் வந்துகொண்டிருக்கும். முதல் ரயிலின் சத்தம் இரண்டாவதின் சத்தத்தையும் மூடிவிடும். ஆகவே ஒரு ரயில் போனால் அதன் கடைசிப் பெட்டி நன்றாகத் தூரம் போய், இரண்டு பாதைகளும் இரண்டு பக்கமும் வெறுமையாகத் தெரியும் வரை காலை எடுத்து வைக்கக்கூடாது. எந்தப் பாதையில் எந்தத் திசை ரயில் வரும் என்றும் நம்ப வேண்டாம், திருத்த வேலை நடந்தால் மாற்றி விடுவார்கள்.

ஓரத்தில் நிற்பதும் அப்படித்தான். நம் நாட்டில் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1.676 மீற்றர். பெட்டியின் அகலம் ஏறக்குறைய 3 மீற்றர். அதாவது தண்டவாளத்துக்கு வெளியேயும் அரை மீற்றருக்கு மேல் பெட்டி நீட்டிக்கொண்டு வரும், அதற்கு வெளியே திறந்த கதவும், மிதிபலகையில் தொங்குகிறவரின் பையும் வரும். தண்டவாளத்தைத் தொடாமல்தானே நிற்கிறேன் என்பது ஒரு பாதுகாப்பும் இல்லை.

கடற்கரையை மறக்கச் சொல்லவில்லை, கொழும்பில் பிள்ளைகளுக்கு இருக்கிற வெளியே அதுதான். ஸ்டேசன் மேம்பாலம் இருக்கிற இடத்தில் அதால் போங்கள், இல்லாவிட்டால் ஒழுங்கான கடவையால் போங்கள், கொஞ்சம் சுற்றுத்தான், பரவாயில்லை. சின்னப் பிள்ளை என்றால் கை பிடித்துத்தான் கடக்க வேண்டும். போன் பைக்குள், காதில் ஒன்றும் இருக்கக்கூடாது. பந்தோ செருப்போ பாதையில் விழுந்தால் திரும்பி ஓடக்கூடாது, அது போகட்டும். வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழுகிற இடத்து ரயில் பாலத்தில் குறுக்கு வழி என்று நடக்கிறவர்களைக் காண்கிறேன். ரயில் வந்தால் ஒதுங்க இடமில்லாத இடத்தில் காலே வைக்கக்கூடாது. முடிந்தால் மாமியாரையும் பிள்ளைகளோடு அனுப்புங்கள். பயம் இருக்கிற ஒருவர் கூடப் போவது நல்லது.

கேள்வி: பம்பலப்பிட்டியில் தண்டவாளத்தில் நின்று சூரிய அஸ்தமனத்தோடு போட்டோ எடுக்காத ஆட்களே இல்லை. நேர்ப்பாதை, தூரத்திலேயே ரயில் தெரியும். பெரியவர்கள் இதைத் தேவையில்லாமல் பெரிதாக்குகிறார்களா?
— உயர்தர மாணவன், கொழும்பு 4

பதில்: தம்பி, தூரத்தில் தெரிவது உண்மை, ஆனால் போட்டோ எடுக்கும்போது நீ அந்தத் தூரத்தைப் பார்ப்பதில்லை. செல்பி என்றால் ரயில் வருகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். போனின் முன் கமரா அகலமாகப் படம் பிடிக்கிறது, ஆகவே பின்னால் வருவது திரையில் சின்னதாகவும் தூரமாகவும் தெரியும். 'இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று' என்று எடுக்கிறவனுக்கும் திரைதான் உலகம். இரண்டு பேரில் ஒருவருமே பாதையைப் பார்ப்பதில்லை. கூட்டமாக நின்றால் மற்றவன் பார்ப்பான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

ரயில் பாதையில் நடப்பதும் நிற்பதும் சட்டப்படி குற்றம், பொலிஸ் பிடித்தால் வழக்குப் போடலாம். அதைச் சொல்லி உன்னைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. இந்தக் கரையோரத்தில் செல்பி எடுக்கப் போய் இறந்த இளம் பிள்ளைகளின் செய்தியைப் பத்திரிகையில் வாசித்தவர்கள் நாங்கள், உன் பெயர் அப்படி வரக்கூடாது, அவ்வளவுதான். அதே சூரியன் மரைன் டிரைவ் நடைபாதையிலிருந்தும் தெரிகிறது. அங்கே நின்று எடு. சிநேகிதர்கள் தண்டவாளத்துக்கு இறங்கினால் 'நான் எடுக்கமாட்டேன், மேலே வாங்கோடா' என்று சொல்லு. கமரா பிடிக்கிறவன் மறுத்துவிட்டால் அந்த விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: நாரஹேன்பிட்டிப் பக்கம் ஓட்டோ ஓட்டுகிறேன். காலையில் கடவைக்கு அங்கால் வாகனங்கள் வரிசையாக நிற்கும், நான் இங்கால் நின்றால் பின்னால் இருக்கிறவர்கள் ஹோன் அடித்தே கொல்கிறார்கள். பலமுறை தண்டவாளத்துக்கு மேலேயே நிற்க வேண்டி வருகிறது. ஒருநாள் அங்கே எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது?
— சாரதி, கிருலப்பனை

பதில்: அண்ணா, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதே எனக்குப் பெரிய சந்தோசம். முதலில் ஹோனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நிற்கிறவருக்குக் கடவைக்கு அங்கால் இடமில்லை என்பது தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் ஓட்டோவின் பின்பக்கம் முழுவதும் கடவையைத் தாண்டி நிற்க அங்கே இடம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் ஏறுங்கள். தெரியாவிட்டால் கோட்டுக்கு இங்கால் நில்லுங்கள், அவர் எவ்வளவு அடித்தாலும் அடிக்கட்டும். முடிவு எல்லாம் தண்டவாளத்துக்கு முன்னால் எடுக்க வேண்டியவை. அதற்கு மேல் ஏறி நின்றபின் எடுக்க உங்கள் கையில் முடிவே இருக்காது, முன்னால் நிற்கிற பஸ்காரன் நகர்ந்தால்தான் உங்கள் உயிர் என்றாகிவிடும்.

களனிவெளிப் பாதையில் இது இன்னும் முக்கியம். பேஸ்லைன், கொட்டா வீதி, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை, நுகேகொடை என்று நகரத்தின் நெரிசலுக்கு நடுவாலேயே அது போகிறது. அந்தக் காலத்தில் குறுகிய பாதையாகப் போட்டு, 1990களில் அகலமாக்கியபோதும் பழைய வளைவுகளிலேயே போகிறது. வளைவுக்குப் பின்னால் மதில், கடை, மரம். ரயில் அங்கே கடுகதியாக ஓடாது என்பது உண்மைதான், ஆனால் வளைவால் வெளியே வரும்போது மிகக் கிட்டத்தில்தான் தெரியும்.

எஞ்சின் நின்றுவிட்டால்: முதல் வேலை ஆட்களை இறக்குவது. மீற்றர், காசு, பை, போன் ஒன்றையும் பார்க்க வேண்டாம். பயணிகளை, அதுவும் பாடசாலைப் பிள்ளைகள் என்றால் அவர்களை, தண்டவாளத்தை விட்டு நன்றாக விலக்குங்கள். ரயில் கண்ணுக்குத் தெரியாமலும், மணி அடிக்காமலும் இருந்தால் கியரை நியூட்ரலில் போட்டு இரண்டு பேராகத் தள்ளுங்கள், ஓட்டோ பாரமில்லாதது, இலகுவில் நகரும். மணி அடிக்கத் தொடங்கினாலோ ரயில் தெரிந்தாலோ தள்ளுவதை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். வாகனம் இன்னொன்று வாங்கலாம்.

எந்தப் பக்கம் ஓடுவது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள், பலர் பிழையாகச் செய்கிற இடம் அது. ரயில் போகிற திசையிலே ஓடினால், அது மோதித் தூக்கி எறிகிற வாகனத் துண்டுகள் உங்கள் மேலேயே வந்து விழும். ஆகவே தண்டவாளத்தை விட்டு விலகியபடி, ரயில் வருகிற பக்கமாகச் சரிவாக ஓட வேண்டும். நேரம் இருந்தால் ஒருவர் பாதைக்கு வெளியே நின்றபடி அந்தப் பக்கம் முன்னே போய், கையில் இருக்கிற துணியையோ இரவென்றால் போன் வெளிச்சத்தையோ வேகமாக ஆட்டிச் சாரதிக்குக் காட்டலாம். பாதைக்கு நடுவில் நிற்கக்கூடாது. இன்னொருவர் கடவைக் காவலாளியிடம் சொல்ல வேண்டும், அவர் பக்கத்து ஸ்டேசனுக்கு அறிவிக்கலாம். காவலாளி இல்லாத இடம் என்றால் 119க்கு அடியுங்கள்.

உள்ளே இருக்கும்போதே தடைக்கம்பு விழுந்து இரண்டு கம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், நிற்க வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம். கம்பை இடித்துக்கொண்டு வெளியே போங்கள். கம்பு வளைந்ததற்குப் பிறகு பதில் சொல்லலாம். கடவையில் ஏறிய பின் கியர் மாற்றுவதையும் விடுங்கள், சின்னக் கியரில் ஏறி அதே கியரில் இறங்குங்கள், எஞ்சின் நின்றுபோக வாய்ப்புக் குறையும்.

மூடியிருக்கிற கடவையைச் சுற்றி வளைத்துப் போகிறவர்களுக்கும் இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2005 ஏப்ரல் 27 அன்று பொல்கஹவெலவுக்கு அருகே யாங்கல்மோதரயில், ரயில் வருகிற நேரத்தில் கடவையைக் கடந்துவிடப் பார்த்த ஒரு பஸ் மீது ரயில் மோதி 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவசரம் ஒரு சாரதியுடையது, இறந்தவர்கள் டிக்கெட் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். கடவையில் ஒழுங்கை மீறி வாகனம் ஓட்டுவதற்கு இப்போது தண்டப்பணம் குறைந்தது 25,000 ரூபாய். ஓட்டோ ஓட்டுகிற ஒருவருக்கு அது எத்தனை நாள் உழைப்பு என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: எங்கள் பக்கத்துக் கடவையில் மணி சில நாள் காரணமில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கும், சில நாள் ரயில் வந்தபிறகும் அடிக்காது. இதை எப்படி நம்புவது?
— வாசகர், நுகேகொடை

பதில்: அடித்தால் நம்புங்கள். அடிக்காவிட்டால் நம்பாதீர்கள். மணி அடிக்கவில்லை, விளக்கு எரியவில்லை என்பதற்கு ரயில் வரவில்லை என்று அர்த்தமில்லை, பழுதாகியும் இருக்கலாம். ஆகவே மௌனமாக இருக்கிற கடவையில் நின்று, கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் போக வேண்டும். விடாமல் அடிக்கிற மணியில் பெரிய ஆபத்து, ஐந்து நிமிடம் பொறுத்த பிறகு ஒருவர் போவார், அவரைப் பார்த்து எல்லோரும் போவார்கள், அந்த நேரம் பார்த்து உண்மையான ரயில் வரும். காவலாளியோ பொலிஸோ கை காட்டினால் போங்கள், இல்லாவிட்டால் வேறு வீதியால் சுற்றிப் போங்கள்.

பழுதை அறிவிக்காமல் விடுவதுதான் நம் ஊர்ப் பழக்கம். பக்கத்து ஸ்டேசனுக்குப் போய் நிலைய அதிபரிடம் கடவையின் பெயரையும் நேரத்தையும் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். அப்புறம் அந்தக் கடவைக் காவலாளிகளோடு கொஞ்சம் மரியாதையாகக் கதையுங்கள். பல இடங்களில் பொலிஸ் ஊடாகச் சேர்க்கப்பட்டு மிகச் சொற்பமான கூலிக்கு மழையிலும் வெயிலிலும் நிற்கிறவர்கள் அவர்கள், கேற்றைப் போட்டதற்காக வாகனக்காரர்களிடம் தூசணம் வாங்குகிறவர்களும் அவர்கள்தான். அந்த வேலைக்கு நிரந்தர நியமனமும் ஒழுங்கான சம்பளமும் கொடுக்காமல் பாதுகாப்பைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பிரயோசனமில்லை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ராகமையிலிருந்து கோட்டைக்கு ஒவ்வொரு நாளும் ஒபிஸ் ரயிலில் வருகிறேன். ஏறும்போதே உள்ளே இடம் இருக்காது, வாசலில்தான் நிற்க வேண்டும். மிதிபலகையில் போகாதீர்கள் என்று அறிவிப்புச் செய்கிறார்கள். வேலைக்குப் பிந்தினால் யார் பொறுப்பு?
— தனியார் நிறுவன ஊழியர், ராகமை

பதில்: தங்கச்சி, உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மிதிபலகையில் தொங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் விளையாட்டுக்குத் தொங்கவில்லை, பெட்டி போதாததால் தொங்குகிறார்கள். கூடப் பெட்டி விடுவதும் நேரத்துக்கு விடுவதும் ரயில்வேயின் வேலை, அதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அது நடக்கும் வரை நாளைக்குக் காலையில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கவலை.

வாசலுக்கு உள்ளே இரண்டு காலும் தரையில் வைக்க இடம் கிடைத்தால் மட்டும் ஏறுங்கள். ஒரு காலுக்குத்தான் இடம், மற்றக் கால் வெளியே என்றால் அந்த ரயில் உங்களுடையது இல்லை, போகட்டும். பையை முதுகில் போடாமல் நெஞ்சுப் பக்கம் மாட்டுங்கள், பக்கத்துப் பாதையில் ரயில் கடக்கும்போதும் கம்பங்களுக்குப் பக்கத்தால் போகும்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பைதான் ஆளை இழுத்து விழுத்துகிறது. சாரியோ துப்பட்டாவோ என்றால் இறுக்கிச் செருகிவிடுங்கள். பிடிக்கிற கம்பி உள் கம்பியாக இருக்கட்டும். வாசலில் நிற்கும்போது போனை எடுக்கவே வேண்டாம். இரண்டு பெட்டிக்கும் நடுவில் கொழுவியிருக்கிற இடத்தில் நின்று வருகிற பையன்களைக் கண்டால் தயவுசெய்து உள்ளே கூப்பிடுங்கள்.

பல விபத்துகள் ஓடும்போது இல்லை, மருதானையிலும் கோட்டையிலும் ரயில் முழுதாக நிற்க முன்னர் குதிப்பதில் நடக்கின்றன. மேடைக்கும் பெட்டிக்கும் இடையில் இருக்கிற இடைவெளி ஒரு ஆளை விழுங்கப் போதும். நின்றபின் இறங்குவதால் என்ன, ஒரு நிமிடம் போகுமா? கூட்டத்துக்குப் பயந்து மேடை இல்லாத பக்கத்தால் தண்டவாளத்துக்குள் குதித்து இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அடுத்த பாதையில் வருகிற ரயில் அவர்களைக் காண முன்னரே அடித்துவிடும்.

வேலைக்குப் பிந்துவதைப் பற்றி: இதை உங்கள் மேலதிகாரியிடம் தனியாகக் கேட்க வேண்டாம், ஒரே ரயிலில் வருகிற நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். அரை மணி பிந்தி வந்து அரை மணி பிந்திப் போக அனுமதி கேட்பதில் நியாயம் இருக்கிறது. நிறுவனம் நடத்துகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், ரயிலில் வருகிற ஊழியர்களுக்கு அந்த அரை மணியை நீங்களாகவே கொடுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு ஹட்டனில் அம்மா வீட்டுக்கு ரயிலில் போவோம். பிள்ளைகளுக்கு வாசலில் சாய்ந்து நின்று வீடியோ எடுக்க ஆசை, வெள்ளைக்காரர்கள் எல்லாம் அப்படித்தானே போகிறார்கள் என்கிறார்கள். ரயில் மெதுவாகத்தானே ஏறுகிறது?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மெதுவாக ஏறுவது சரி. ஆனால் மலையகப் பாதையில் ஆபத்து வேகத்தில் இல்லை, ஒடுக்கத்தில். பதுளை வரை 46 சுரங்கங்கள் இருக்கின்றன, மலையை வெட்டி எடுத்த ஒடுங்கிய வழிகள் அதற்கு மேல். பாறைச் சுவர் பெட்டியை உரசுகிற மாதிரி வந்து போகும், வளைவு முடிகிற இடத்தில் மரக்கிளையோ கம்பமோ நிற்கும். வெளியே சாய்ந்து நிற்கிறவர் கமராவைப் பார்க்கிறாரே தவிர, ரயில் போகிற பக்கத்தைப் பார்ப்பதில்லை. தலை வெளியே இருந்தால் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகமும் ஆளைக் கொல்லப் போதும். ஈரத்திலும் பனியிலும் அந்த இரும்புப் படி வழுக்கும், வளைவில் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கும்.

வெளிநாட்டவர்கள் அப்படி எடுத்த படங்களைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அப்படி எடுக்கப்போய் விழுந்து காயப்பட்டவர்களும் இறந்தவர்களும் இருக்கிறார்கள், அந்தப் படங்கள் யாருக்கும் வருவதில்லை. யன்னல் இருக்கையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், முழங்கைக்கு மேல் வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிடுங்கள், கதவு திறந்திருந்தால் ஒரு பெரியவர் வாசல் பக்கம் நில்லுங்கள். வட்டவளைப் பக்கத்துத் தேயிலை மலைகள் உட்கார்ந்தபடியே வடிவாகத் தெரியும். ஹட்டன் நிலையத்தில் பண்டிகைக் கூட்டத்தோடு இறங்கும்போது பிள்ளைகளை முதலில் இறக்க வேண்டாம், ஒரு பெரியவர் முதலில் இறங்கி, பிறகு பிள்ளைகள், கடைசியில் இன்னொரு பெரியவர், அதற்குப் பிறகுதான் பெட்டி படுக்கை.

கேள்வி: ஓய்வு பெற்றவன், ஒவ்வொரு நாளும் காலையிலும் பின்னேரமும் கடற்கரை ஓரமாக நடப்பேன். சில நேரம் யாராவது தனியாகத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதைக் காண்கிறேன். என்ன மனநிலையில் இருக்கிறாரோ என்று மனது பதறும். போய்க் கதைக்கலாமா, அது மற்றவர் விஷயத்தில் தலையிடுவதாகுமா?
— வாசகர், தெஹிவளை

பதில்: கதையுங்கள் ஐயா. தலையிடுவது என்று நினைக்க வேண்டாம். 'தம்பி, தனிய இருக்கிறீர்கள், எல்லாம் சரிதானே?' என்று ஒரு வார்த்தை போதும், காற்று வாங்க இருந்தவர் என்றால் சிரித்துவிட்டுப் பதில் சொல்வார், ஒருவருக்கும் நட்டமில்லை. கஷ்டத்தில் இருப்பவர் என்றால் யாரோ ஒருவர் நின்று கேட்டதே அந்த நேரத்தை மாற்றலாம். புத்தி சொல்லத் தொடங்க வேண்டாம், கண்டிக்கவும் வேண்டாம். 'வாங்கோ, அந்தப் பக்கம் போய் இருந்து கதைப்போம்' என்று தண்டவாளத்திலிருந்து தள்ளிக் கூட்டிக்கொண்டு போங்கள், தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள், சொல்வதைக் கேளுங்கள், தனியே விட்டுவிட்டு வர வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, அவரோடு சேர்ந்து நீங்களே அடிக்கலாம். வீட்டார் ஒருவரின் இலக்கம் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அவர் பாதைக்குள் இறங்கிவிட்டால் நீங்கள் பின்னால் இறங்கக்கூடாது. வெளியே நின்று கூப்பிடுங்கள், பக்கத்தில் நிற்கிறவர்களைக் கூப்பிடுங்கள், 119க்கு அடியுங்கள், கிட்டிய ஸ்டேசனுக்கு ஒருவரை ஓடச் சொல்லுங்கள். இதை வாசிக்கிற யாருக்காவது அப்படியொரு கனம் மனதில் இருந்தால், இன்றைக்கே 1926க்கு அடித்துக் கதையுங்கள், அல்லது வீட்டில் நம்புகிற ஒருவரிடம் சொல்லுங்கள். இந்தப் பக்கத்துக்கு எழுதினாலும் வாசிப்பேன், ஆனால் என் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மேடையில் நிற்கும்போது போன் தண்டவாளத்தில் விழுந்துவிட்டால் இறங்கி எடுக்கலாமா? யாராவது விழுந்துவிட்டால்?
— மாணவி, மொரட்டுவை

பதில்: போன் விழுந்தால் நிலைய அதிபரிடம் சொல்லுங்கள். ரயில் வராத நேரம் அவர்களுக்குத்தான் தெரியும், ஆள் விட்டு எடுத்துத் தருவார்கள். நீங்கள் இறங்க வேண்டாம். கீழே நிற்கும்போது மேடை நினைத்ததைவிட உயரமாக இருக்கும், ஏறுவதற்குள் கை நடுங்கும். பிளாட்போம் ஓரக் கோட்டுக்குப் பின்னால் நின்றால் போன் விழுந்தாலும் மேடையிலேயே விழும்.

ஆள் விழுந்தால் உடனே சத்தம் போட்டு நிலைய ஊழியரைக் கூப்பிட்டு ரயிலை நிறுத்தச் சொல்வதுதான் முதல் வேலை, ஆளைத் தூக்குவது அதற்குப் பிறகு. ரயில் வருகிறது என்று தெரிந்தால் அவரை மற்றப் பக்கம், ரயில் வராத பாதையைத் தாண்டி விலகச் சொல்லிக் கத்துங்கள், மேடையில் ஏற முயல்வதைவிட அது கெதியாக நடக்கும். காயப்பட்டவரைக் கண்டபடி இழுத்துத் தூக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடியுங்கள், காசில்லாத சேவை அது. எந்த ஸ்டேசன், எத்தனையாம் இலக்க மேடை, வீதியிலிருந்து உள்ளே வருகிற வாசல் எது என்று தெளிவாகச் சொல்லி, ஒருவரை வாசலில் நிற்க வையுங்கள், வருகிறவர்களுக்கு வழிகாட்ட.